சனம் ஏன் பேரைப் பாத்து வாங்குது? கறித்தூள் விக்கிற தங்கச்சிக்கு ஒரு நீண்ட பதில்

வன்னியில ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. வீட்டில கறித்தூள் வறுத்துத் திரிச்சு பக்கற் பண்ணி அஞ்சாறு கடைக்குக் குடுக்கிறாவாம். வாங்கிச் சமைச்ச ஆக்கள் எல்லாரும் நல்ல தூள் எண்டுதான் சொல்லுகினமாம், விலையும் குறைவு, ஆனா கடைக்கு வாற சனம் அதை ஒருக்காத் தூக்கிப் பாத்திட்டு திருப்பி வைச்சிட்டு பக்கத்தில இருக்கிற கொழும்புக் கொம்பனிப் பக்கற்றை எடுத்துக்கொண்டு போகுதாம். எங்கட சனத்துக்கு எங்கட சாமானில மதிப்பில்லையோ, வெறும் பேருக்குத்தான் காசு குடுக்குதுகளோ, இதுக்கு என்ன செய்யிறது எண்டு கேட்டிருந்தா.

நான் உயர்தரப் பிள்ளையளுக்கு வணிகக்கல்வியும் பொருளியலும் படிப்பிக்கிறன், மிச்ச நேரத்தில பரந்தன் பக்கம் அப்பாவின்ர கடையில நிக்கிறன், ஒரு பக்கம் பலசரக்கு, மற்றப் பக்கம் தண்ணிப் பம்ப், லான்ட்மாஸ்டர் எண்ட ரெண்டு சில்லு உழவு மெசின் சாமான். அதால புத்தகத்தில இருக்கிறதும் கல்லாவுக்கு முன்னால நடக்கிறதும் ரெண்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். பதில் நீளமா வரப்போகுது, பொறுத்துக்கொள்ளுங்கோ.

சுருக்கத்தை முதல்ல சொல்லிப்போடுறன் தங்கச்சி. பக்கற்றுக்குள்ள என்ன இருக்கெண்டு கடையில நிண்டு ஒருத்தராலயும் பாக்க ஏலாது. பாக்க ஏலாத இடத்தில சனம் தனக்குத் தெரிஞ்ச பேரைப் பிடிக்குது, கூடக் குடுக்கிற அந்த அம்பது நூறு ரூபா ஏமாறாமல் இருக்கிறதுக்குக் கட்டுற காசு. இதோட மரியாதை, பழக்கம், கடைத் தட்டில ஆர் எங்க இருக்கினம் எண்ட சங்கதியும் சேருது. இதில எது உங்கட தூளுக்குத் தடையா நிக்குதெண்டு கண்டுபிடிச்சாத்தான் வழி தெரியும், அதைத்தான் கீழ எழுதுறன்.

ஒரு சிறுபோக நேரம் நடந்த கதை இது. வட்டக்கச்சிப் பக்கத்து ஐயா ஒராள் தண்ணிப் பம்புக்கு பெயாரிங் வாங்க வந்தார். மேசையில ரெண்டு பெட்டி வைச்சன், ஒண்டு பேர்பெற்ற வெளிநாட்டுக் கொம்பனி, மற்றது ஒருத்தரும் கேள்விப்படாத பேர், விலை மூண்டில ஒரு பங்குதான். ஐயா பேர் தெரியாததை எடுத்து சின்னி விரலை நடு ஓட்டையுக்க விட்டு வெளி வளையத்தைச் சுத்தினார், காதுக்குக் கிட்டப் பிடிச்சுக் கேட்டார், பிறகு மற்றதையும் அதே மாதிரிச் சுத்திக் கேட்டார், ரெண்டும் ஒரே சத்தம், ஒரே ஓட்டம். கொஞ்ச நேரம் ரெண்டையும் மாறி மாறிப் பாத்துப்போட்டு விலை கூடினதை எடுத்தார். "தம்பி, பம்ப் நிண்டா மிளகாய்க் கண்டு நாலு நாளில சுருண்டு போம், பெயாரிங்கில மிச்சம் பிடிச்ச காசை வைச்சு நான் என்ன செய்யிறது" எண்டார்.

நான் வகுப்பில எத்தினையோ வரைவிலக்கணம் எழுதிப் போட்டிருக்கிறன், ஆனா பிராண்ட் எண்டா என்னெண்டு அந்த ஐயாவை விட வடிவா ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்ல. அந்தாளட்ட காசு குறைவு, அதாலதான் கூட விலையைக் குடுத்தார். காசிருக்கிறவர் புதுசு ஒண்டைப் போட்டுப் பாக்கலாம், பிழைச்சா இன்னொண்டு வாங்கலாம், இல்லாதவருக்கு ஒரு பிழை காணும் அந்தப் போகமே போறதுக்கு. வன்னியில சனம் பேருக்குப் பின்னால போகுதெண்டு வெளியில இருந்து பாக்கிற ஆக்கள் சொல்லேக்க எனக்குக் கோவம் வாறது இதாலதான்.

கதை அதோட முடியேல்ல. ரெண்டு கிழமையால ஐயா அந்தப் பெயாரிங்கை பழைய பேப்பரில சுத்திக் கொண்டு வந்தார், இறுகிப்போய் நீலம் பாஞ்சிருந்தது. பெட்டி கொம்பனிப் பெட்டி மாதிரி, உள்ளுக்க இருந்தது டூப்பிளிக்கேற். எங்களுக்கு மொத்தமாத் தந்த இடம் அப்பிடிச் செய்திருக்கு, எங்களுக்கும் தெரியாது. அப்பா காசைத் திருப்பிக் குடுத்து, வேறொண்டு வாங்கிக் குடுத்து, பூட்டுறதுக்கு மெக்கானிக்கையும் அனுப்பினவர். ஆனா ஐயா சொன்னது எனக்கு இண்டைக்கும் காதுக்க கிடக்குது. அந்த வெளிநாட்டுக் கொம்பனியைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கேல்ல. "உங்கட கடையெண்டுதானே வாங்கினனான்" எண்டு மட்டும் சொன்னார். அதுக்குப் பிறகு அப்பா கொம்பனியின்ர நேரடி ஏஜென்ற் இல்லாத ஒருத்தரிட்டயும் பெயாரிங் எடுக்கிறேல்ல. இதை ஞாபகம் வைச்சிருங்கோ, கடைக்காரனும் ஒரு பிராண்டுதான், உங்கட தூளுக்கு அது தேவைப்படும், பிறகு வாறன்.

1970இல ஜோர்ஜ் அகர்லொவ் எண்ட அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்ச் சந்தையை வைச்சு இதை விளங்கப்படுத்தினார். விக்கிறவருக்குக் காரின்ர பழுது தெரியும், வாங்கிறவருக்குத் தெரியாது. தெரியாததால வாங்கிறவர் நடுத்தர விலைதான் குடுக்கப் பாப்பார், அந்த விலைக்கு நல்ல கார் வைச்சிருக்கிறவருக்குக் கட்டாது, அவர் சந்தையை விட்டுப் போவார், மிஞ்சுறது எல்லாம் பழுதுக் கார். இப்பிடித்தான் ஒரு சந்தையே கெட்டுப்போகும் எண்டார், இதைத் தடுக்கிற வழியளில உத்தரவாதத்தையும் பேர்பெற்ற பிராண்டையும் சேத்துச் சொன்னார். 2001இல மைக்கல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்ரிக்லிற்ஸ் எண்ட ரெண்டு பேரோட சேத்து அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது. இப்ப காருக்குப் பதிலா தூளை வைச்சுப் பாருங்கோ. சாயம் கலந்திருப்பினமோ, உமி போட்டுத் திரிச்சிருப்பினமோ, பழசை வறுத்திருப்பினமோ எண்டு சனத்துக்கு ஒரு பயம் எப்பவும் இருக்கு. நீங்கள் காம்பு முறிச்சு, கல்லுப் பொறுக்கி, வெய்யிலில காயவிட்டு வறுத்தது உங்களுக்கு மட்டும்தான் தெரியும், பக்கற்றைக் கையில தூக்கிப் பாக்கிற அக்காவுக்கு அது தெரிய ஒரு வழியும் இல்லை. தெரியாத நல்ல தூளும் தெரியாத கூடாத தூளும் அவவின்ர கண்ணுக்கு ஒண்டுதான்.

இதில உங்களுக்கு விளங்கவேண்டிய ஒண்டு இருக்கு, நீங்கள் விலையைக் குறைச்சு வைச்சிருக்கிறது உதவியா இல்லாமல் உபத்திரவமா இருக்கலாம். உள்ள பாக்க ஏலாத சாமானில சனம் விலையையே தரத்துக்கு அடையாளமா எடுக்கும். கொம்பனித் தூளை விடக் கொஞ்சம் குறைவெண்டா மலிவு எண்டு நினைப்பினம், அரைவாசி எண்டா என்னத்தைக் கலந்தாளோ எண்டு நினைப்பினம். நானும் அப்பிடித்தான் நினைப்பன், பொய் சொல்லேல்ல.

சரி, அப்ப பேருக்குக் குடுக்கிற காசு எல்லாமே நியாயமோ எண்டு கேட்டா, இல்லை. உள்ளுக்க இருக்கிறது ஒண்டேதான் எண்டு நிச்சயமாத் தெரிஞ்ச இடத்தில அது வீண் காசு. எங்கட ஊரில காச்சல் தலையிடி எண்டா எல்லாரும் கேக்கிறது பனடோல், அந்தப் பேர் குளிசைக்கே பேராப் போச்சு, ஆனா அதுக்குள்ள இருக்கிறது பரசிற்றமோல் 500 மில்லிகிராம், வேற பேரில வாற பரசிற்றமோலிலயும் அதே மருந்து, அதே அளவு. அமெரிக்காவில நாலு பொருளியலாளர் இதைப் பெரிய அளவில பாத்து 2015இல எழுதினவை. தலையிடி மருந்து வாங்கேக்க சாதாரண ஆக்கள் 100 தரத்துக்கு 26 தரம் விலை கூடின பிராண்டை எடுக்கினமாம், மருந்தாளர் தங்கட வீட்டுக்கு வாங்கேக்க 9 தரம்தான் எடுக்கினமாம். சமையல் தொழில் செய்யிற ஆக்களும் உப்பு, சீனி மாதிரியான சாமானுக்கு மற்ற ஆக்களை விட 12 சதவீதப் புள்ளி குறைவாத்தான் பேர்பெற்ற பிராண்டை வாங்கினமாம். சங்கதி தெரிஞ்ச ஆக்கள் பேருக்குக் காசு குடுக்கிறது குறைவு, இதை விடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. எங்கட நாட்டிலயே பேராசிரியர் சேனக பிபிலே இதை அம்பது வருசத்துக்கு முன்னம் செய்து காட்டினவர், 1971இல தொடங்கின அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின்ர முதல் தலைவர் அவர்தான், கொம்பனிப் பேரை விட்டு மருந்தின்ர சொந்தப் பேரில மருந்தை இறக்குமதி செய்து எழுத வைச்சு ஏழைச் சனத்துக்கும் மருந்து கிடைக்க வழி பண்ணின மனுசன். பிராண்டைப் பற்றிப் படிப்பிக்கிற ஒவ்வொரு வருசமும் நான் அவரின்ர பேரைச் சொல்லாமல் விடுறேல்ல.

ஆனா தூள் பரசிற்றமோல் இல்லை, வறுக்கிற பதம் மாறினாலே எல்லாம் மாறும், அதால சனம் பயப்பிடுறதில ஒரு நியாயம் இருக்கு.

அடுத்தது ருசி. பேர் ருசியையே மாத்தும், இதைப் பிள்ளையளுக்கு விளங்கப்படுத்த வகுப்பில ஒருக்கா ரீ ஊத்தினன். வீட்டில ஒரே கேத்திலில ஒரே தேயிலையில வெறும் தேத்தண்ணி போட்டு ரெண்டு போத்தலில கொண்டு போனன். ஒண்டுக்கு முன்னால வெளிநாட்டுக்கு அனுப்புற மாதிரி வடிவான தேயிலைப் பெட்டி ஒண்டை வைச்சன், மற்றதுக்கு முன்னால கடையில நிறுத்துக் கட்டின பேப்பர்ச் சரை. பிள்ளையள் குடிச்சுப்போட்டு பெட்டிக்காரத் தேத்தண்ணியில வாசம் எண்டு ஒருத்தி, மற்றது கசருது எண்டு இன்னொரு பொடியன், ரெண்டு பேருக்குள்ள சண்டையே வந்திட்டுது. ஒண்டேதான் எண்டு சொன்னோடன வகுப்பு கப்சிப். பின் வாங்கில இருந்த ஒரு பிள்ளை மட்டும் "சேர், ஆனா எனக்கு உண்மையா வாசம் வந்தது" எண்டாள். அவள் சொன்னது பொய்யில்லை. 2008இல அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் ஒரே வைனை ஒருக்கா 10 டொலர் எண்டும் ஒருக்கா 90 டொலர் எண்டும் சொல்லிக் குடுத்து, குடிக்கேக்க மூளையை ஸ்கான் பண்ணிப் பாத்தவை. விலை கூட எண்டு சொல்லேக்க ஆக்கள் கூட ருசி எண்டு சொன்னது மட்டுமில்லை, இன்பத்தை உணருற மூளைப் பகுதியும் உண்மையாவே கூட வேலை செய்தது. வைனைப் பற்றின கதையை எங்கட பிள்ளையளுக்குச் சொல்லுறது எனக்கும் ஒரு மாதிரித்தான், ஆனா விசயம் தேத்தண்ணிக்கும் தூளுக்கும் பொருந்துது.

உங்கட பக்கற்றைப் படம் எடுத்துப் போட்டிருந்தனீங்கள், அதைப் பாத்தன். சாதாரண பொலித்தீன் பை, வாயை மெழுகுதிரியும் வாள் அலகும் வைச்சு உருக்கி ஒட்டியிருக்கு, ஒரு மூலை கருகியிருக்கு, பேர் ஒரு வெள்ளைக் கடதாசியில அடிச்சு உள்ளுக்க போட்டிருக்கு, கடதாசியில தூள் பட்டு பேர் பாதி தெரியேல்ல. அந்தக் கருகின மூலையைப் பாத்தோடன வாங்கிறவவின்ர நாக்கில ருசி குறையுது, சமைக்க முதலே. கோவிக்காதையுங்கோ, உங்கட கைப்பக்குவம் முழுக்க அந்த மூலையில அடிபட்டுப் போகுது, அதான் மனவருத்தம்.

மூண்டாவது மரியாதை, இதுதான் எனக்கு மனசுக்குக் கிட்டின விசயம். அம்மம்மா வீட்டில மூண்டு பசு நிண்டது. விடிய கறந்த பால் எங்களுக்கு, கண்டுக்கு, அயலுக்கு எண்டு போகும். ஆனா வெளியூரில இருந்து ஆரும் வந்தா அம்மம்மா என்னைக் கூப்பிட்டு காதுக்க சொல்லுவா, "ஓடிப்போய் ஒரு அங்கர் பக்கற் வாங்கியா." பசு முத்தத்தில நிக்குது, நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பால்மா வாங்கக் கடைக்குப் பறப்பன். பாலை விட மா திறம் எண்டு அம்மம்மா நம்பினவ இல்லை, எங்களுக்கு அவ மாத் தேத்தண்ணி தந்ததே இல்லை. வந்த ஆளுக்காகக் காசு செலவழிச்சம் எண்டது வந்த ஆளுக்குத் தெரியவேணும், பால் சும்மா வருது, பக்கற் காசு குடுத்து வருது, அவ்வளவுதான் கணக்கு.

தோர்ஸ்ரீன் வெப்லன் எண்டவர் 1899இலயே எழுதினவர், காசிருக்கிற ஆக்கள் மற்ற ஆக்களுக்குத் தெரியவேணும் எண்டே விலை கூடினதை வாங்குவினம் எண்டு. ஹார்வி லைபென்ஸ்ரைன் 1950இல அதைப் பிரிச்சுக் காட்டினார், எல்லாரும் வாங்குகினம் எண்டு வாங்கிறது ஒண்டு, எல்லாரிட்டயும் இருக்கெண்டு வேண்டாமெண்டு விடுறது ஒண்டு, விலை கூட எண்டதுக்காகவே வாங்கிறது ஒண்டு. கலியாண வீட்டுச் சீலை, பொடியளின்ர போன், கனடாவில இருந்து வாற சென்ற் போத்தல், இதுகளில அந்த மூண்டையும் நான் பாக்கிறன். ஆனா அம்மம்மாவின்ர அங்கர் பக்கற் அதுக்குள்ள முழுசா அடங்காது எண்டுதான் நான் நினைக்கிறன், அவ தன்னைப் பெருப்பிக்க வாங்கேல்ல, வந்த ஆளைப் பெருப்பிக்க வாங்கினவ. உங்கட தூளை ஒருத்தி ஏன் வாங்காமல் விடுறா எண்டா, வீட்டுக்கு வாற மச்சாளுக்கு முன்னால அந்தப் பையைக் குசினியில வைச்சிருக்க அவவுக்குக் கூச்சமா இருக்கலாம். ருசி அதுக்கு மருந்தில்லை.

யுத்தம் முடிஞ்ச 2009க்குப் பிறகு இது இன்னும் கூடினது, இதையும் சொல்லத்தான் வேணும். எல்லாத்தையும் விட்டிட்டு முகாமில இருந்து திரும்பி வந்த சனம், கோப்பை கரண்டி முதல் புதுசா வாங்கவேண்டி இருந்த சனம். 2011 எண்டு நினைக்கிறன், ஒரு தாய் மகனுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வந்து மலிவுச் சோடியையும் பேர்பெற்ற சோடியையும் ரெண்டு கையிலயும் வைச்சுக்கொண்டு கனநேரம் நிண்டா, கடைசியா கூடினதைக் கடனுக்கு எடுத்தா. "இவன் தகரக் கொட்டிலில இருந்து போறான் எண்டு சப்பாத்தில தெரியக்கூடாது" எண்டா. அதைப் பகட்டு எண்டு சொல்ல எனக்கு நாக்கு வராது. அதே ஆசையைப் பிடிச்சுத்தான் லீசிங்காரர் எங்கட பொடியளுக்கு புது மோட்டச்சைக்கிள் குடுத்து, ரெண்டு தவணை கட்டாதோடன வந்து தூக்கிக்கொண்டும் போனவை, அதையும் கண்ணால கண்டிருக்கிறன், அதில அந்த ஆசையைக் காசாக்கின ஆக்களில எனக்கு ஆத்திரம் இருக்கு.

பேர் எப்பிடி வருது எண்டு கேட்டா, விளம்பரத்தால மட்டும் வாறேல்ல. எங்கட பக்கத்து எம்டி நைன்ரி மோட்டச்சைக்கிளைப் பாருங்கோ. ஹொண்டா அதை யப்பானில தபால்காரருக்கெண்டு செய்தது, இஞ்ச வந்து சேந்தது பழசு. வன்னியில அதுக்கு ஒருத்தரும் விளம்பரம் போடேல்ல. யுத்த நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணையில ஓடினது, ஒழுங்கை, வரம்பு, மணல் எல்லாத்திலயும் ஓடினது, எந்த ஊர் மெக்கானிக்கும் கழட்டிப் பூட்டுவார், விக்கப் போனாலும் விலை நிண்டது. அதுதான் அதின்ர பேர். லான்ட்மாஸ்டரும் அப்பிடித்தான், ஒரு பிரித்தானியக் கொம்பனியின்ர பேர், இண்டைக்கு ரெண்டு சில்லு உழவு மெசின் எல்லாத்துக்கும் அதுதான் பேர், "கூபோட்டா லான்ட்மாஸ்டர்" எண்டு கேட்டு வாற ஆக்களுக்கு நான் சாமான் குடுக்கிறன். வருசக்கணக்கா ஒரே மாதிரி உழைச்சுக் குடுத்தா பேர் தன்பாட்டில வரும், இதில உங்களுக்கு நம்பிக்கை இருக்கு, வேலையும் இருக்கு.

ஒரே மாதிரி எண்டது முக்கியம். உங்கட தூளை ரெண்டு மாசம் தள்ளித் தள்ளி மூண்டு பக்கற் வாங்கிச் சமைச்சா மூண்டும் ஒரே உறைப்பா இருக்குமா? கொம்பனித் தூள் ருசி குறைவா இருக்கலாம், ஆனா எப்பவும் அதே ருசி, அக்கா எத்தினை கரண்டி போடவேணும் எண்டு கைக்குத் தெரியும். சுண்டாலயும் கைப்பிடியாலயும் அளக்கிறதை விட்டிட்டு தராசில நிறுங்கோ, மிளகாய் எவ்வளவு, மல்லி எவ்வளவு, சீரகம் மிளகு வெந்தயம் எவ்வளவு எண்டு கொப்பியில எழுதி வையுங்கோ, வறுத்த நேரத்தையும் எழுதுங்கோ.

இப்ப கடைக்காரனா ஒரு உண்மை சொல்லுறன், சனம் தெரிவு செய்யுதெண்டு நாங்கள் நினைக்கிறதில பாதி, சனம் கடைக்கு வர முதலே முடிஞ்சிடும். கொம்பனி வான் சொன்ன கிழமையில சொன்ன நாளுக்கு வரும், ரெண்டு கிழமை கடன் தரும், திகதி முடிஞ்சதைத் திருப்பி எடுத்துக்கொண்டு புதுசு தரும், தட்டும் தாங்களே கொண்டுவந்து பூட்டி அதில தங்கட சாமானைத்தான் அடுக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டுப் போகும், கடைப் பேர்ப் பலகையும் அவையின்ரதான், கடைக்காரன்ர பேர் மூலையில சின்னனா இருக்கும். வீட்டில செய்து கொண்டுவாற ஆக்கள் பஸ்ஸில இருபது பக்கற்றோட வருவினம், முடிஞ்சா திரும்ப எப்ப வருவினம் எண்டு தெரியாது, பழசானா மாத்தித் தரமாட்டினம், பில் இல்லை. அப்ப அந்தப் பக்கற்றை கடைக்காரன் எங்க வைப்பான்? கீழ்த்தட்டில, சவர்க்காரத்துக்குப் பக்கத்தில. தூளில சவர்க்கார வாசம் ஏறும். இது எங்கட கடையிலயும் நடந்தது, நான் மனசாரச் சொல்லுறன், எங்களிலயும் பிழை. ஒருக்கா வாங்கின ஆள் திரும்பி வந்து கேக்கேக்க இல்லை எண்டு ரெண்டு தரம் சொன்னா, மூண்டாம் தரம் அந்தாள் கேக்காது.

அளவும் பாருங்கோ. நீங்கள் அரைக்கிலோவும் ஒரு கிலோவும்தான் போடுறீங்கள் எண்டு எழுதியிருந்தனீங்கள். கூலிக்குப் போட்டு வாற சனம் அண்டாட்டுக்குத்தான் வாங்கும், ஷாம்பு முதல் சவர்க்காரத்தூள் வரை பெரிய கொம்பனியள் சின்னப் பக்கற் போட்டுத்தான் எங்கட ஒழுங்கை வரைக்கும் வந்தவை. தெரியாத தூளில ஒரு கிலோ வாங்கிறது பெரிய துணிச்சல், 50 கிராம் எண்டா ஒரு கறிக்குப் போட்டுப் பாக்கலாம், பிழைச்சாலும் ஒரு கறியோட போச்சு. முதல் தரம் வாங்க வைக்கிறதுக்கு இதை விட லேசான வழி இல்லை.

எங்கட சாமானில எங்கட சனத்துக்கு மதிப்பில்லையோ எண்டு கேட்டனீங்கள், அதுக்கு வாறன். லண்டன், கனடாவில இருந்து லீவுக்கு வாற ஆக்கள் திரும்பிப் போகேக்க சூட்கேசில என்ன கொண்டு போகினம்? தூள். பொலித்தீனில கட்டி, பேப்பரில சுத்தி, ரேப் ஒட்டி, அஞ்சு கிலோ பத்துக் கிலோ. அங்க கடை முழுக்க வடிவான பக்கற்றில தூள் இருக்கு, எண்டாலும் இஞ்ச இருந்து பேரே இல்லாத தூள் போகுது. ஏனெண்டா அதை ஆர் வறுத்தது எண்டு தெரியும். அம்மா வறுத்தது, பெரியம்மா வறுத்தது, பக்கத்து வீட்டு அக்கா வறுத்தது. அதேபோல யாழ்ப்பாணத்து ஆக்களும் கொழும்பு ஆக்களும் வன்னித் தேன், எருமைத் தயிர், நந்திக்கடல் இறால் எண்டு கேட்டு வாங்குகினம், அதுகளுக்கு ஒரு கொம்பனியும் இல்லை, ஊர்தான் பேர். அந்தப் பேரை வைச்சு சீனிப் பாணியைத் தேன் எண்டு விக்கிற ஆக்களும் வந்திட்டினம், அதால பேரைக் காப்பாத்தவும் ஆள் வேணும். இலங்கைக் கறுவாவுக்கு 2022இல ஐரோப்பிய ஒன்றியத்தில புவியியல் குறியீடு, அதாவது அந்தப் பேர் அந்த இடத்துச் சாமானுக்கு மட்டும்தான் எண்ட பாதுகாப்பு, கிடைச்சது, எங்கட நாட்டுக்கு அப்பிடிக் கிடைச்ச முதல் சாமான் அதுதான். எங்கட தேனுக்கும் ஒரு நாள் வரவேணும் எண்டு எனக்குப் பெரிய ஆசை.

ஆனபடியா உங்கட பக்கற்றில "ஒட்டுசுட்டான்" எண்ட பேரைப் பெரிசா எழுதுங்கோ, ஆர் வறுத்தது எண்டும் எழுதுங்கோ. கொழும்புக் கொம்பனியின்ர நிறத்தையும் எழுத்தையும் பாத்துச் செய்யாதையுங்கோ, கன பேர் அந்தப் பிழை விடுகினம், அதைக் கண்டா சனம் டூப்பிளிக்கேற் எண்டுதான் நினைக்கும். நிறம் தெரியிற மாதிரி ஒரு பக்கம் கண்ணாடியா இருக்கிற பை எடுங்கோ, சூடு வைச்சு ஒட்டுற சின்ன மெசின் ஒண்டு வாங்குங்கோ, மெழுகுதிரி வேண்டாம். நிறை, என்னென்ன சேந்தது, செய்த திகதி, முடியிற திகதி, தொகுதி இலக்கம், உச்ச சில்லறை விலை எல்லாம் லேபிளில இருக்கவேணும், அதுகள் இல்லாட்டி கடைக்காரனுக்கும் கரைச்சல். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கோ, அவர் வர முதல் நீங்களே கூப்பிடுறது நல்லம். பேர் கொஞ்சம் ஓடத் தொடங்கின பிறகு புலமைச் சொத்து அலுவலகத்தில வியாபாரக் குறியைப் பதியலாம், 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டப்படி ஒருக்காப் பதிஞ்சா 10 வருசம், பிறகு புதுப்பிக்கலாம். எஸ்எல்எஸ் எண்ட இலங்கைத் தர முத்திரை எல்லாம் பிறகு யோசிப்பம், இப்ப அதுக்கு ஓடிக் காசைச் செலவழிக்காதையுங்கோ.

அஞ்சாறு கடையை ரெண்டாக் குறையுங்கோ. அந்த ரெண்டு கடைக்காரன்ர வீட்டுக்கும் முதல்ல ஒரு பக்கற் சும்மா குடுங்கோ, அவையின்ர மனிசிமார் சமைக்கட்டும். வாடிக்கையாளர் எது நல்லம் எண்டு கேக்கேக்க கடைக்காரன் "நாங்களும் இதுதான் பாவிக்கிறம்" எண்டு சொல்லவேணும், எங்கட சனத்துக்கு ரிவி விளம்பரத்தை விட அந்தச் சொல் பெரிசு, பெயாரிங் ஐயா சொன்னது அதுதானே. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, சொன்ன நாளுக்கு, மழையெண்டாலும் போங்கோ, பழசை முகம் சுழிக்காமல் மாத்திக் குடுங்கோ. வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு எங்கெங்க இருந்தெல்லாம் சனம் வரும், அங்க ஒரு சின்ன மேசை போட முடியுமோ எண்டு விசாரிச்சுப் பாருங்கோ, வறுத்த வாசம் வாற மாதிரி ஒரு கிண்ணத்தில திறந்து வையுங்கோ, மூக்கால பாத்த பிறகு ஆக்கள் லேபிளைப் பெரிசாத் தேடமாட்டினம்.

அப்பாவோட கதைச்சிட்டன். புதுப் பை வந்தோடன 50 கிராமில நாப்பது பக்கற்றும் 100 கிராமில இருபதும் பில்லோட எங்கட கடைக்கு அனுப்புங்கோ. பலசரக்குப் பக்கம் கல்லாவுக்குக் கிட்ட, கண் மட்டத்தில ஒரு தட்டு ஒதுக்கித் தாறன் எண்டு சொன்னவர், சவர்க்காரம் அந்தப் பக்கம் வராது.